தாழம்பூ மணத்த மணல்

இலத்திரன் நுணுக்குக்காட்டியின் முன் புதிதாக உட்காரப்போகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று நான் எழுதப்போவதில்லை. நான் பழகிய இயந்திரம் இப்போது எந்தக் களஞ்சியத்தில் தூசு பிடித்துக் கிடக்கிறதோ தெரியாது. உங்களுடையதைத் தொடவே எனக்குப் பயம். இந்தக் கட்டுரையோடு ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். மூடியைச் சுற்றி மெழுகு பூசியிருக்கிறேன். வாசித்து முடிக்கும்வரை அதைத் திறக்க வேண்டாம்.

நான் சொல்லப்போவது ஒரு பிழையைப் பற்றி. அது பிடிபட்ட பிழை. பிடிபடாத பிழைகளைப் பற்றி உங்களுக்கு நிறையப் பேர் எச்சரிக்கை தந்திருப்பார்கள். பிடிபட்ட பிழையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் அகப்பட்டுவிட்டதே என்று நாங்கள் எல்லோரும் காலை நீட்டிப் படுத்துவிடுகிறோம். எனக்கு இந்தத் தொழிலில் வந்த பெரிய பயம் அப்படிக் காலை நீட்டிய ஒரு கிழமையில்தான் வந்தது.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. நான் கிழக்குக் கரை மருதமுனைக்காரன். வாப்பா நெசவாளர். எங்கள் வீட்டில் தறிச்சத்தம் நின்றால்தான் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம். நான் படித்து முடித்துக் கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் சேர்ந்திருந்தேன். சேற்றுக்குள் கிடக்கும் சுவட்டு மகரந்தத்தை ஆராய்கிற பிரிவு. பிரிவு என்று சொன்னாலும் அதில் இருந்தது தலைவரும் நானும் ஒரு நுணுக்குக்காட்டியும்தான். பூவில் இருந்து பறக்கும் மகரந்தமணி சதுப்பில் விழுகிறது. பூ அழுகும், மரம் சாயும், ஊரே பெயர்ந்து போகும். அந்த மணியின் தோல் மட்டும் சேற்றுக்குள் அழியாமல் கிடக்கும். அந்தத் தோலைப் பார்த்து, அங்கே ஒரு காலத்தில் என்ன நின்றது என்று நாங்கள் சொல்ல வேண்டும். செத்தவர்களின் பெயரைச் சொல்கிற வேலை என்று தலைவர் பகிடியாகச் சொல்வார். எனக்கு அந்தப் பகிடி ஒருநாளும் பிடித்ததில்லை.

கல்முனைக்கு மேற்கே வயலும் களப்பும் சேருகிற சதுப்பில் துளைபோட்டு மண் எடுத்து வரும்படி அவர் என்னை அனுப்பினார். சொந்த ஊர்ப் பக்கம் என்றபடியால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கவலை இல்லை. ஆனால் நான் போய் இறங்கிய நேரம் வீட்டில் வேறு ஒரு அமளி நடந்துகொண்டிருந்தது. தங்கச்சி சுபைதாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு. பெண்ணின் வாப்பா வீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியேறுவார். சுவர் எழும்பாமல் நாள் குறிக்க ஏலாது. வாப்பாவிடம் இரண்டு வளவு நிலம் இருந்தது. ஒன்று கடற்கரையோரம். நல்ல காற்று, நல்ல வெள்ளை மணல், சாயம் போட்ட நூலைக் காயப்போட அதைவிட நல்ல இடம் கிடையாது. மற்றது மேற்கே, சதுப்பை அண்டினது. மாரியில் தவளை கத்தும், பின்னேரமானால் நுளம்பு மொய்த்து இரத்தம் குடிக்கும். எதில் வீடு என்று வாப்பா யோசிக்கக்கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டார் சாய்ந்தமருதில் தோணி வைத்திருக்கிறவர்கள், அவர்களுக்கும் கடற்கரைதான் விருப்பம். சுபைதாவைச் சொல்லவே வேண்டாம். அவளும் அவளுடைய கூட்டாளி ஹாஜறாவும் ஒரே கொட்டிலில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் இருந்து நெய்கிறவர்கள். கடலைப் பார்த்து எந்த யன்னலை வைப்பது என்று இரண்டு பேரும் தறியில் இருந்தபடியே தீர்மானித்திருந்தார்கள்.

நான் சதுப்பில் இறங்கினேன். துணைக்குப் பாண்டிருப்பிலிருந்து சாமித்தம்பி அண்ணன் வந்தார். வயல்வேலையோடு கிணறு வெட்டவும் போகிறவர், துளைகுழாயைச் சுழற்ற நல்ல தோள். முதலில் கறுப்புச் சேறு வந்தது. பிறகு சாம்பல் களி. அதற்குக் கீழே குழாய் திடீரென்று கரகரத்தது. இழுத்துப் பார்த்தால் மணல். கடற்கரையில் காலுக்குக் கீழே கிடக்கிற அதே மணல், சிப்பித்தூளோடு. ஒரு சாணளவு மணல், அதற்குக் கீழே மறுபடியும் கறுப்புச் சேறு. மேலும் சேறு, கீழும் சேறு, நடுவில் மட்டும் மணல். கடல் அங்கிருந்து ஒரு கட்டைக்கு, ஒரு மைலுக்கு, மேல் கிழக்கே.

எடுத்த மண்ணைச் சுற்றிவைக்கக் கொழும்பில் தந்த மெழுகுத்தாள் மழையில் ஊறிப் போயிருந்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் சுபைதாவிடம் துணி கேட்டேன். பழந்துணி என்றால் அழுக்கு இருக்கும், புதிதாக வேண்டும் என்று அதிகாரத்தோடு சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்த் தான் நெய்த வெள்ளைப் புடவைத் துண்டு ஒன்றை முழுசாகக் கொண்டுவந்து தந்தாள். அதைக் கிழித்துக் கிழித்து ஒவ்வொரு படையையும் பொதி கட்டினோம். அரிசி ஆலை ஒன்றின் பின்னறையை நுணுக்குக்காட்டிக்காக வாடகைக்கு எடுத்திருந்தேன். பொதிகளை அங்கே அடுக்கிப் பூட்டினோம்.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் சாமித்தம்பி அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அறை முழுக்கத் தாழம்பூ வாசம். மெல்லிய வாசம் என்றால் மனம் சமாதானம் சொல்லியிருக்கும். அது அப்படி இல்லை. ஈரமும் சேற்று நாற்றமும் கலந்து, யாரோ இப்போதுதான் பூவைப் பிரித்து அறைக்குள் வைத்துவிட்டுப் போன மாதிரி மணத்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. யன்னல் சாத்தியபடி இருந்தது. நான் ஒவ்வொரு பொதியாக மூக்கில் வைத்துப் பார்த்தேன். மணல் இருந்த பொதியில் வாசம் மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதலாக இருந்தது.

அவர் உள்ளே வரவில்லை.

“தம்பி, ஆருக்கோ வெச்ச பூ இது. நாம கிண்டி எடுத்துட்டம். எடுத்த இடத்துலயே கொண்டு போட்டுருவம், மறுகா கதைப்பம்” என்றார்.

நான் படித்தவன் அல்லவா, சிரித்தேன். சிரித்த சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. அவர் செத்தவர்களுக்கு மரியாதை செய்கிற மாதிரி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தைக் கீழே இறக்கிவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுக்க வேலைக்கு வரவில்லை. நான் தனியாக அந்த அறையில் இருந்து மணலைக் கரைத்து, அமிலத்தில் சுத்தம் செய்து, கண்ணாடியில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டைகள், உடம்பெல்லாம் குட்டி முட்கள், ஒரேயொரு துவாரம். தாழையின் மகரந்தம். பார்க்கிற பக்கமெல்லாம் அதுதான். மேலும் கீழும் உள்ள சேற்றில் புல்லும் கோரையும்தான், தாழை அங்கொன்று இங்கொன்று.

தாழை எங்கே நிற்கும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரை வேலியில் நிற்கும். கடற்கரை மணலும் கடற்கரைப் பூவும் சதுப்பின் வயிற்றுக்குள் ஒரே படையில் கிடக்கிறது. அறையில் வாசம் வேறு. கடல் எழும்பி, வீடிருக்கும் இடமெல்லாம் கடந்து, இங்கேவரை வந்து, மணலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்கு விளங்கியது. ஆலையில் நெல் குத்துகிற சத்தத்தைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு ஆறுதல் அதற்கு முன் வந்ததில்லை.

சுத்தம் செய்த மணிகளில் ஒரு பங்கைச் சின்னக் குழாயில் போட்டு, இங்கிலாந்தில் தலைவருக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு விமானத்தபாலில் அனுப்பினேன். எங்களுக்கு அப்போது இலத்திரன் நுணுக்குக்காட்டி கிடையாது. அங்கே புதிதாக மகரந்தத்தின் தோலைப் படம் எடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அனுப்பிவிட்டு அன்று பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வாப்பாவிடம் சொன்னேன். கடல் சதுப்புவரை வந்திருக்கிறது, கடற்கரை வளவில் வீடு வேண்டாம் என்று.

வாப்பா கையை உதறிவிட்டு எழும்பி ஏசுவார் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்தார். பின்னேரம் போய் மேசனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கிழமைகள் போயின. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, அத்திவாரக் கல் வைக்கிறது ஏன் தள்ளிப்போகிறது என்று பக்குவமாகக் கேட்டார்கள். இரண்டாம்முறை வந்தபோது பக்குவம் குறைந்திருந்தது. இந்தச் சம்பந்தம் குழம்பினால் பெண்ணுக்கு என்ன கதை வரும் என்று உங்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. சுபைதா என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள், அண்ணனைக் கூப்பிடுகிற ‘காக்கா’ என்ற சொல்கூட அவள் வாயில் வரவில்லை.

பிழை அப்போதுதான் பிடிபட்டது. இன்னொரு துளை போட மறுபடியும் துணி வேண்டியிருந்தது. கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டேன். அவள் அறைக்குள் போய்ப் பெட்டகத்தின் மூடியைத் தூக்கினாள். நான் பின்னால் நின்றேன். ஆம்பிளைகள் அந்தப் பெட்டகத்துக்குக் கிட்டப் போவதில்லை, கலியாணப் பெண்ணின் துணி அது. மூடி திறந்ததும் வாசம் என் முகத்தில் அடித்தது. ஆலை அறையில் மணத்த அதே வாசம். மடித்த புடவைகளுக்கு இடையில் காய்ந்த தாழம்பூ மடல்களை வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றைத் தூக்கினேன், மஞ்சள் தூள் என் கையில் கொட்டியது.

துணிக்கு வாசம் பிடிக்க எங்கள் பெண்கள் வைக்கிற தாழம்பூ ஆண் பூ. மகரந்தத்தை அள்ளிச் சொரிகிற பூ. அதற்குள் மாதக்கணக்கில் கிடந்த துணியில்தான் நான் மண்ணைப் பொதிந்திருக்கிறேன். காய்ந்த துணியில் அவ்வளவாகத் தெரியாத வாசம், சேற்று ஈரம் பட்டதும் எழும்பியிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பேர் மண் எடுத்திருப்பார்கள். கலியாணப் பெட்டகத்துத் துணியில் மண் பொதிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தலைவருக்குத் தந்தி அடித்தேன். அவரே வந்துவிட்டார். துணியின் ஓரத்தை வெட்டிக் கரைத்துப் பார்த்தார், கண்ணாடி நிறையத் தாழை. களிக்குள் தூள் இறங்காது, மணல் இளக்கம், அதனால்தான் அதற்குள் கூடுதலாகப் போயிருக்கிறது என்று விளக்கினார். மணல் எப்படி வந்ததென்று கேட்டேன், ஆறு ஏதாவது கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியது. அவர் கோபிக்கவும் இல்லை. உன் தங்கச்சியின் பெட்டகத்தைத்தான் நாங்கள் ஆராய்ந்திருக்கிறோம் என்று சிரித்தார். தாழையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார்.

நான் நேரே தறிக்கொட்டிலுக்குப் போய், “வாப்பா, நான் சொன்னது பிழைச்சுப் போச்சு” என்றேன். ஹாஜறாவும் சுபைதாவும் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா தலையை ஆட்டினார். அன்றைக்கே மேசனுக்கு ஆள் போனது. கல் வைக்க நாள் குறித்தார்கள். சுபைதா என்னோடு மறுபடி கதைத்தாள், கதைத்தாள் என்ன, வறுத்தெடுத்தாள். எனக்கோ சந்தோஷம். கடல் வரவில்லை, வாசம் பெட்டகத்து வாசம், பூதமும் இல்லை பேயும் இல்லை. நல்லாக நித்திரை கொண்டேன். காலை நீட்டிய கிழமை என்று சொன்னேனே, அதுதான்.

கல் வைப்பதற்கு முதல்நாள் காலை கல்முனைத் தபாற்கந்தோரில் இருந்து ஒரு தடித்த உறை வந்தது. இங்கிலாந்துப் படங்கள்.

அந்தப் படம் எப்படி எடுக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், இப்போது வேறு வழிகளும் வந்துவிட்டன. ஆனால் அந்தக் காலத்து முறையை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். மகரந்தமணியின் மேல் கரிப்படலம் ஒன்றை ஆவியாகப் படியவிடுவார்கள். சரிவாக உலோகத் தூளையும் படியவிடுவார்கள், நிழல் விழுவதற்காக. பிறகு அந்தத் தோலையும் தின்னுகிற கடும் அமிலத்தில் போட்டு மணியைக் கரைத்துவிடுவார்கள். எஞ்சுவது அந்தப் படலம் மட்டும். படத்தில் நாம் பார்ப்பது மகரந்தத்தை அல்ல, அது இருந்து போன அச்சை. எத்தனை வருடம் அந்த இயந்திரத்தின் பச்சை வெளிச்சத்துக்கு முன் இருந்தாலும், இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற உணர்வு எனக்குப் போகவே இல்லை.

தறிக்கொட்டிலில் பலகையில் படங்களைப் பரப்பினேன். முதல் படத்தில் தாழைமணியின் தோல். முட்கள் கூராக, ஒவ்வொன்றும் தன் நீள நிழலைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. பெட்டகத்துப் பூ, சரி என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதில் முள்ளே இல்லை. முள் இருந்த இடத்தில் அடிக்கட்டைகள் மட்டும். தோல் முழுக்கக் கீறல், அரித்த குழிகள். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. இயந்திரத்தை இயக்கிய பெண் ஒரு படத்தின் பின்புறம் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தாள். ஒரே குழாயில் இரண்டு விதமானவை இருக்கின்றன, இது உங்களுக்குத் தெரியுமா என்று.

சுபைதா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“காக்கா, இது எந்த ஊர் மையவாடி?” என்று கேட்டாள்.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவள் பகிடி பண்ணவில்லை. முதல் படத்தைத் தொட்டு, புதைகுழியின் தலைமாட்டில் நடுகிற மீசான் கட்டை எல்லாம் வரிசையாக நிற்கிறது என்றாள். மற்றப் படங்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். “இதுல எல்லாம் முறிஞ்சி கிடக்கு. தண்ணி வந்து போன மாதிரி” என்றாள். நான் அவளுக்கு ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. படம் என்ன, எதிலிருந்து எடுத்தது, ஒன்றும் தெரியாது. அவள் படத்தைக் கீழே வைத்தாள்.

பெட்டகத்துப் பூவிலிருந்து கொட்டிய மணியின் முள் உடையக் காரணம் இல்லை. இவை மணலோடு மணலாக அரைபட்டவை. அதற்குப் பிறகு நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து அரிபட்டவை. துணியில் இருந்து இவை வந்திருக்கவே ஏலாது. பெட்டகத்துத் தூள் உண்மை. கடல் வந்ததும் உண்மை. புதிய மணி பழைய மணியின் மேல் கொட்டி அதை மூடியிருந்தது. சாதாரண நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு பிழையைக் கண்டுபிடித்தவுடன், எல்லாமே அந்தப் பிழைதான் என்று நானும் தலைவரும் ஒருசேர முடிவு கட்டியிருந்தோம்.

இனி யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலை கல் வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கையெழுத்துப் போட்ட அறிக்கை கொழும்பில் இருக்கிறது, தலைவரிடம் கேட்க நேரம் இல்லை. நான் ஒருதரம் சொல்லி, பிழை என்று திருப்பி எடுத்து, இப்போது பிழை இல்லை என்று மூன்றாம்தரம் போய் நிற்க வேண்டும். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மணல் எத்தனை நூறு வருடத்துக்கு முந்தியதோ. புயலில் வந்ததோ, வேறெதில் வந்ததோ, திரும்ப வருமோ வராதோ, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கடல் வந்தது.

வாப்பா பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். படங்களை அவர் முன் வைத்தேன். கடல் வந்தது உண்மைதான் என்றேன்.

“எப்ப வந்த?” என்று கேட்டார்.

“தெரியா வாப்பா.”

“இன்னொருக்கா வருமா?”

“அதுவும் தெரியா.”

அவர் படத்தைக் கையில் எடுத்துத் தூரப்பிடித்துப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் விளங்கியிருக்காது. பிறகு சொன்னார். “எனக்கு இந்தப் படமெல்லாம் விளங்குதில்ல மகன். ஆனா பிழைச்சுப் போச்சு எண்டு நீயே வந்து, அந்தப் புள்ளைகளுக்கு முன்னால சொன்ன. அப்பிடிச் சொன்னவன் திரும்பியும் வந்து நிக்கிறான் எண்டா சும்மா வந்து நிக்கமாட்டான். மேற்கு வளவுல கல் வைப்பம்.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. நீங்கள் உங்கள் பிழையை உரத்துச் சொல்லத் தயங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பெட்டகத்துக் கதையை மறைத்திருந்தால், அன்றைக்கு என் சொல்லை யாரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். தலைவரும் நல்லவர். படங்களை நீண்டநேரம் பார்த்துவிட்டுத் தன் அறிக்கையைத் தானே எடுத்து, தன் கையாலேயே அந்தப் பந்தியை வெட்டினார். நான் எழுதியதை நான்தான் வெட்ட வேண்டும் என்றார். ஒரு காலத்தில் கடல் உள்ளே வந்திருக்கிறது என்று திருத்தி எழுதினோம். அதை யார் வாசித்தார்களோ தெரியாது.

சுபைதா அழுதாள். மேற்கு வளவில் வீடு எழும்பியது, கலியாணமும் நடந்தது, ஆனால் அவள் என்னை மன்னிக்கவில்லை. கடற்கரை வளவை ஹாஜறாவின் வாப்பா ஹாஜறாவுக்கு வீடு கட்ட வாங்கினார். நான் போய் அவரிடமும் சொன்னேன், படங்களையும் காட்டினேன். கடலோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீ கடலைப் படித்துத் தருகிறாயா என்று சிரித்து, தேத்தண்ணி தந்து அனுப்பினார். ஹாஜறா மட்டும் அந்த முள் உடைந்த படத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் சுபைதாவுக்கும் கூட்டு விட்டுப்போகவில்லை. பின்னேரமானால் காற்று வாங்க என்று சுபைதா கடற்கரைக்கு நடந்து அந்த வாசலில்தான் போய் இருப்பாள்.

பிறகு நான் வெளிநாடு போனேன், வந்தேன், இயந்திரம் வந்தது, ஓய்வும் பெற்றேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் சுபைதா வேலிக் கடப்படி வாசலிலேயே தொடங்குவாள். “வாங்க காக்கா, நுளம்புக்குத் தீன் போட வந்தீங்களா?” பெட்டி கீழே வைக்குமுன் தவளைச் சத்தம், ஈரச்சுவர், ஹாஜறா வீட்டுக் காற்று என்று வரிசையாக வரும். அவளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் நிற்கவில்லை. அந்த ஏச்சைக் கேட்டால்தான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி.

சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிறு நான் கொழும்பில் இருந்தேன். பாதை திறந்து ஊருக்குப் போய்ச் சேரச் சில நாள் ஆனது. கடற்கரைப் பக்கம் எங்கே எந்தத் தெரு என்று எனக்குப் பிடிபடவில்லை. சுபைதா கடப்படியில் நின்றாள். பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணி தெரு ஒழுங்கையால் ஏறி, வளவுக்குள் வந்து, வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனதாக அவள் மகன்தான் சொன்னான். வளவு முழுக்கச் சாம்பல்நிற மணல் மெல்லிசாகப் படிந்து கிடந்தது. அதற்குக் கீழே பழைய கறுப்பு மண்.

ஹாஜறாவும் அவளோடு வீட்டில் இருந்த எல்லோரும் போய்விட்டார்கள். சுபைதா என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வளவுக்கு நடந்தாள். சுவர் இல்லை, கூரை இல்லை. சீமெந்துத் தரையும், சுவர்கள் நின்ற கோடும் மட்டும் மணலில் தெரிந்தன. சமைக்கிற குசினி இது, பிள்ளைகள் படுக்கிற அறை இது, நாங்கள் இருக்கிற வாசல் இது என்று அவள் ஒவ்வொரு கோடாகக் காட்டினாள். நான் என் வாழ்நாளெல்லாம் பார்த்த படங்கள் என் காலடியில் கிடந்தன. எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

திரும்பி வந்து, அவளுடைய வளவில் நான் குந்தி அந்த மணலைத் தொட்டுப் பார்த்தேன். பழக்கதோஷம்தான். எடுக்க வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்க மனமும் வரவில்லை. நுளம்பு வரத் தொடங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பெட்டகத்தின் மூடி திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குசினிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம். வரும்போது கையில் துணி இல்லை. ஒரு பேணி இருந்தது, கழுவித் துடைத்து.

“துணி வேணா காக்கா” என்றாள். “இதுல எடுங்க. இதுக்குள்ள ஒருநாளும் பூ வெச்சதில்ல.”

அந்த மணலை அள்ளிய பேணிதான் உங்கள் மேசையில் இருக்கிறது. என்னால் அதைத் திறக்க முடியவில்லை. நீங்கள் திறந்து பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், அதில் என்ன இருந்தது என்று சுபைதா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.